அடுத்த அறைக்குப் போடும் புகை

தமிழில் பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் உறங்குவதே இல்லை போலும். கோபுரங்கள் வருகின்றன, அருங்காட்சியகங்கள் வருகின்றன, ரயில் சன்னலுக்கு வெளியே ஓடும் வயல்கள் வருகின்றன, உள்ளூர்க்காரர் ஒருவர் உதிர்த்த தத்துவமும் தவறாமல் வருகிறது. இரவு எந்தப் படுக்கையில் கிடந்தார்கள், அதில் வேறு யார் குடியிருந்தார்கள் என்பது மட்டும் வருவதில்லை. ‘விடுதியில் தங்கி மறுநாள் காலை புறப்பட்டோம்’ என்னும் ஒற்றை வரி எட்டு மணி நேரத்தை விழுங்கிவிடுகிறது. அண்மையில் நாங்கள் படித்த பயண நூல்களில் மூட்டைப்பூச்சி என்ற சொல்லைத் தேடித் தோற்றோம். தேடியதற்குக் காரணம் உண்டு. அந்த எட்டு மணி நேரத்தில்தான் அது உண்கிறது. அதற்குச் சிறகில்லை, தாவவும் தெரியாது. பயணியின் பெட்டியிலும் துணியிலும் ஏறியே அது ஊர்விட்டு ஊர் போகிறது. நம் பயண இலக்கியம் கண்டும் காணாமல் விட்ட இந்தச் சகபயணியைப் பற்றியும், அதைக் குறித்து நாம் கட்டிவைத்திருக்கும் பொய்களைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

‘இலக்கியம் பேசுகிற இடத்தில் பூச்சிக்கு என்ன வேலை’ என்று முகம் சுளிப்பவர்கள் அரிஸ்டோபேனிஸிடம் கேட்கட்டும். கி.மு. 405இல் மேடையேறிய ‘தவளைகள்’ நாடகத்தில் தயோனிசஸ் பாதாள உலகத்துக்குப் பயணம் கிளம்புகிறான். முன்பே அங்குச் சென்று மீண்ட ஹெராக்ளிஸிடம் வழி கேட்கிறான். துறைமுகம் எங்கே, ரொட்டிக்கடை எங்கே என்று விசாரித்து வருபவன், மூட்டைப்பூச்சி மிகக் குறைவாக உள்ள சத்திரம் எது என்றும் கேட்கிறான். கேட்பவன் கடவுள், போகுமிடம் மரணம், கவலை மூட்டைப்பூச்சி. வடமொழித் தனிச்செய்யுள் ஒன்று இன்னும் ஒருபடி மேலே போகிறது. சிவன் பனிமலையிலும் திருமால் பாற்கடலிலும் போய்ப் படுத்ததற்குக் காரணமே மூட்டைப்பூச்சி மேலிருந்த அச்சந்தான் என்கிறது அது. தெய்வங்களே வெட்கப்படாமல் பேசிய ஒன்றைப் பேச நமக்கு மட்டும் நாக்கு எழவில்லை.

நாம் இங்கே எதிர்கொள்ள விரும்பும் மனநிலையின் மிகத் துல்லியமான சித்திரம் ஜார்ஜ் ஆர்வெல்லிடம் இருக்கிறது. 1933இல் வெளியான அவரது முதல் நூல், பாரிஸிலும் லண்டனிலும் வறுமையில் உழன்ற நாட்களைப் பற்றியது, பாரிஸின் ஒரு மலிவு விடுதித் தெருவில் தொடங்குகிறது. முதல் பக்கத்துச் சண்டையே மூட்டைப்பூச்சியைச் சுவர்த்தாளில் நசுக்குவது பற்றியதுதான். அந்த விடுதியில், பூச்சித் தொல்லை எல்லை மீறும்போது ஒருவர் தம் அறையில் கந்தகம் கொளுத்துவார். பூச்சிகள் மெல்லிய சுவரைக் கடந்து பக்கத்து அறைக்குப் போய்விடும். பக்கத்து அறைக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் கந்தகம் கொளுத்துவார். பூச்சிகள் திரும்பி வரும். ஆர்வெல் இதை நகைச்சுவையாகவே எழுதிச் செல்கிறார். ஆனால் மூட்டைப்பூச்சி விஷயத்தில் மனித குலம் இன்றுவரை கையாண்டுவரும் முறை முழுவதும் அந்தச் சிறு பத்தியில் அடங்கிவிட்டது. என் அறையில் புகை போடுவேன், அடுத்தவன் அறைக்குப் போகட்டும், பிறகு அவனைப் பார்த்து அசுத்தம் என்பேன்.

இந்தப் புகை மூன்று வகையாக எழும்புகிறது. பழியாக, நச்சாக, மௌனமாக.

*

முதலில் பழி.

மூட்டைப்பூச்சி அழுக்கின் பிள்ளை, ஏழையின் சொத்து என்பது நம் பொதுப்புத்தியில் ஊறிய நம்பிக்கை. பேச்சிலர் அறைகள், மாணவர் விடுதிகள், வடமாநிலத் தொழிலாளர் தங்குமிடங்கள், அரசு மருத்துவமனைக் கட்டில்கள் என்று அதற்கு ஒரு முகவரிப் பட்டியலே வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் நம் வீடு இருக்காது, நாம் தங்கும் மூன்று நட்சத்திர விடுதியும் இருக்காது. பூச்சிக்கு இந்த வர்க்க நுட்பம் எதுவும் தெரியாது. நம் மூச்சில் வெளியாகும் கரியமில வாயு, உடலின் வெப்பம், தோலின் மணம் ஆகியவற்றைத் தொடர்ந்து அது வருகிறது. அதன் உணவு இரத்தம். அழுக்கை அது தின்பதில்லை. குப்பையும் சாமானும் குவிந்த இடத்தில் ஒளிந்துகொள்ள வசதி அதிகம், அவ்வளவுதான். பெருக்கித் துடைத்து வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையின் தையலோரமும் அதற்குப் போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டனின் உழைக்கும் மக்களைத் தேடிச்சென்று பேசி எழுதிய ஹென்றி மேஹ்யூ, டிஃபின் என்ற மூட்டைப்பூச்சி ஒழிப்பாளரையும் சந்தித்து எழுதியிருக்கிறார். அவர் பலகையில் போட்டுக்கொண்ட பட்டம், மகாராணிக்கும் அரச குடும்பத்துக்கும் பூச்சி ஒழிப்பவர் என்பது. தாம் மேட்டுக்குடியினரின் வீடுகளுக்கு மட்டுமே செல்வதாக அவர் பெருமையோடு சொல்கிறார். அரண்மனைப் படுக்கைகளைத் தேடி ஆண்டுதோறும் ஒருவர் போய்வந்த நகரத்தில்தான், பூச்சி ஏழையின் அடையாளம் என்ற நம்பிக்கையும் வளர்ந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியாதபடி 2023இல் பாரிஸ் நமக்கு ஒரு பாடம் நடத்தியது. அந்த ஆண்டு ஜூலையில் பிரான்சின் உணவு, சுற்றுச்சூழல் சுகாதாரப் பாதுகாப்பு நிறுவனமான ஆன்செஸ் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2017 முதல் 2022 வரையிலான காலத்தில் பிரான்சின் குடும்பங்களில் 11 விழுக்காட்டினர் மூட்டைப்பூச்சித் தொல்லைக்கு ஆளாகியிருந்தனர் என்றது அது. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றையும் சொன்னது. வீட்டாரின் வருமானத்துக்கும் பூச்சி வருவதற்கும் தொடர்பில்லை, ஆனால் வந்த பூச்சியை விரட்டுவதற்குக் குறைந்த வருமானம் பெருந்தடை. பூச்சி எல்லாரிடமும் வருகிறது, ஏழையிடம் தங்கிவிடுகிறது. தங்கியதைப் பார்த்து அங்கேதான் பிறந்தது என்று முடிவுகட்டும் அறியாமைக்கு அந்த ஒரு வாக்கியமே போதிய பதில்.

ஆனால் பதிலை யார் கேட்டார்கள்? செப்டம்பர் இறுதியில் ரயில், திரையரங்கு இருக்கைகளின் காணொளிகள் பரவின. ஒலிம்பிக் விளையாட்டுக்கு ஓராண்டுகூட இல்லாத நேரம். பாரிஸின் துணை மேயர் இம்மானுவேல் கிரெகுவார் அன்றைய பிரதமர் எலிசபெத் போர்னுக்குக் கடிதம் எழுதினார். அக்டோபர் 3ஆம் நாள் மதில்ட் பனோ என்ற உறுப்பினர் ஒரு சிறு குப்பியில் மூட்டைப்பூச்சிகளை அடைத்து நாடாளுமன்றத்துக்கே எடுத்துவந்து காட்டினார். இது வரைக்கும் கேலிக்குரியதோ கவலைக்குரியதோ, எதுவானாலும் அரசியல். ஆனால் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளர் கேட்ட கேள்வி வேறு வகையானது. இந்தப் பூச்சிகளுக்கும் குடியேறிகளின் வருகைக்கும் தொடர்பு உண்டா என்று அவர் ஒரு பூச்சி ஒழிப்பாளரிடம் கேட்டார். கேள்விக்குறி போட்டுவிட்டால் எந்த விஷத்தையும் காற்றில் கலக்கலாம் என்பது தொலைக்காட்சிகளின் பொது விதி. பாரிஸின் லா ஷப்பலில் கடை வைத்துப் பிழைக்கும் ஈழத்தமிழரின் காதில் அந்தக் கேள்வி எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க நம்மால் முடியும். சென்னையில் ஒரு ஜார்க்கண்ட் தொழிலாளியின் காதில் நம் கேள்வி எப்படி விழும் என்றும் அதே மூச்சில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கதை அதோடு முடியவில்லை. 2024 மார்ச்சில் பிரான்சின் ஐரோப்பிய விவகாரத் துறை அமைச்சர் ழான் நோயல் பாரோ, அந்தப் பீதி சமூக வலைத்தளங்களில் செயற்கையாகப் பெரிதாக்கப்பட்டது என்றும், அதில் கிரெம்ளினோடு தொடர்புடைய கணக்குகளுக்குப் பங்குண்டு என்றும் சொன்னார். ரஷ்யா மீதான பொருளாதாரத் தடையால் பூச்சிமருந்து கிடைக்காமல் போனதே காரணம் என்று ஒரு பிரெஞ்சு நாளேட்டின் பெயரில் போலிச் செய்தியே தயாரிக்கப்பட்டிருந்தது. பூச்சி உண்மை, தொல்லை உண்மை. ஆனால் அதன் மேல் ஏற்றப்பட்ட பீதி, போருக்கும் பயன்படும் சரக்காகிவிட்டது. மூட்டைப்பூச்சியைப் பற்றி வெட்கமின்றி, அளவோடு, தெரிந்ததைத் தெரிந்தபடி பேசும் பழக்கம் ஒரு சமூகத்தில் இருந்திருந்தால் இந்தச் சரக்கு விலைபோயிருக்குமா?

பஞ்சதந்திரத்தில் ஒரு கதை உண்டு. அரசனின் படுக்கையில் நெடுநாளாக ஒரு பேன் நிதானமாக வாழ்ந்துவருகிறது. விருந்தாளியாக ஒரு மூட்டைப்பூச்சி வந்து சேர்கிறது. அவசரப்பட்டுக் கடித்துவிட்டு இடுக்கில் ஒளிந்துகொள்கிறது. விளக்கோடு தேடிவந்த காவலர் கையில் அகப்பட்டுச் சாவது பேன். முன்பின் அறியாதவனுக்கு இடங்கொடுக்காதே என்று அந்தக் கதைக்கு நீதி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் அதை வேறுவிதமாக வாசிக்கிறோம். கோபத்தோடு தேடுகிறவன் கையில் முதலில் அகப்படுவது, கடித்தவனாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இன்னொரு படைப்பும் நினைவுக்கு வருகிறது. 1929இல் மேயர்ஹோல்டின் அரங்கில் நடந்த மயாகோவ்ஸ்கியின் ‘மூட்டைப்பூச்சி’ நாடகத்தில், பனியில் உறைந்துபோன பிரிசிப்கின் என்ற மனிதன் ஐம்பது ஆண்டுகள் கழித்து உயிர்ப்பிக்கப்படுகிறான். அவனோடு ஒரு மூட்டைப்பூச்சியும் உயிர்த்தெழுகிறது. எதிர்காலத்தின் தூய சமூகம் இரண்டையும் சேர்த்து விலங்குக்காட்சி சாலைக் கூண்டில் வைக்கிறது. குட்டி முதலாளித்துவத்தைக் கேலிசெய்யத் தொடங்கிய நாடகம், மனிதனுக்கும் பூச்சிக்கும் ஒரே கூண்டு போதும் என்று நினைக்கும் சுத்தக்காரர்களையும் சேர்த்து அடையாளம் காட்டிவிட்டது. இந்தச் சுத்தக்காரர்களை நமக்கும் தெரியும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம்மோடு ரயிலேறுகிறவர்கள்தாம் அவர்கள்.

*

இரண்டாவது புகை, உண்மையான புகை. மருந்து.

‘மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல’ என்று நம் முன்னோர் உவமையாகச் சொன்னதை, நவீன மனிதன் செயலாகச் செய்து காட்டியிருக்கிறான். 2017இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மூட்டைப்பூச்சியைக் கொல்ல ஊற்றிய ஆல்கஹால் பற்றிக்கொண்டு அடுக்ககமே வீடிழந்தது.

நஞ்சின் மீது நமக்கிருக்கும் பக்தி டிடிடி காலத்தில் தோன்றியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் வளர்ந்த நாடுகளில் மூட்டைப்பூச்சி ஏறக்குறைய மறைந்துபோனதற்கு அந்த மருந்து பெருங்காரணம் என்பது உண்மை. அதைத் தடைசெய்ததால்தான் பூச்சி திரும்பிவந்தது என்று சிலர் இன்றும் உரத்துப் பேசுகிறார்கள். காலக்கணக்கு அதற்கு இடம்தரவில்லை. அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது 1972இல். ஹவாயின் படைவீரர் குடியிருப்புகளில் அந்த மருந்துக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் 1940களின் இறுதியிலேயே அறியப்பட்டுவிட்டன. பூச்சி, சட்டத்துக்கு முன்பே மருந்தை வென்றுவிட்டது. அடுத்து வந்த பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும் இதே கதிதான். இன்று கடையில் வாங்கித் தெளிக்கும் குப்பிகளில் பெரும்பாலானவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. அறையை மூடிவிட்டு வெடிக்கவைக்கும் புகைக்குப்பிகளை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். இடுக்கில் ஒளிந்திருக்கும் பூச்சியை அவை தொடுவதில்லை. இடுக்கில் இல்லாத மூட்டைப்பூச்சி ஏது? விரட்டப்பட்ட பூச்சி சுவர் விரிசல் வழியே, மின்கம்பிக் குழாய் வழியே நகர்வதுதான் நடக்கிறது. ஆர்வெல்லின் கந்தகத்துக்கு டப்பா மட்டும் மாறியிருக்கிறது.

அடுத்த அறைக்குப் போவது பூச்சி மட்டுமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 2018 ஆகஸ்டில் எகிப்தின் ஹுர்காதா கடற்கரை விடுதி ஒன்றில் பிரிட்டனிலிருந்து வந்திருந்த ஒரு தம்பதியர் தங்கினார்கள். அடுத்த அறையில் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்து அறையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். இரு அறைகளுக்கும் நடுவே ஓர் இணைப்புக் கதவு. மறுநாள் தம்பதியர் இருவருமே இறந்தனர். 2023 நவம்பரில் இங்கிலாந்தின் மரண விசாரணை அதிகாரி தம் முடிவைச் சொன்னார். மருந்தில் கலந்திருந்த டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானின் ஆவி கதவிடுக்கு வழியே வந்திருக்கிறது. அதைச் சுவாசித்தவர் உடலுக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறிக் கொன்றிருக்கிறது. அந்த அறையில் அவர்களைப் பூச்சி கடித்ததா என்பது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்து அறைக்குப் பூச்சி வந்ததை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை, மருந்து அடித்ததையும் சொல்லவில்லை.

எகிப்துவரை போக வேண்டியதில்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நச்சுக்காற்றில் இரண்டு சிறு குழந்தைகள் உறக்கத்திலேயே உயிரிழந்தன. பூச்சி வேறு, மருந்து வேறு. ஆனால் மூடிய அறையில் நஞ்சை வைத்துவிட்டு மனிதரை உறங்கவிடும் அலட்சியம் ஒன்றே. மூட்டைப்பூச்சி இயற்கையில் எந்த நோயையும் மனிதருக்குப் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. அரிப்பு, தூக்கமின்மை, மன உளைச்சல், சிலருக்குக் கடும் ஒவ்வாமை, இவைதாம் அதன் கொடுமை. அவை சிறியவை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஒரு பூச்சியால் கொல்ல முடியாத மனிதரை, அந்தப் பூச்சியின் பெயரால் நாம் கொன்றுகொண்டிருக்கிறோம். பயணப்பைக்குள் மருந்துக் குப்பி வைத்துக்கொண்டு போகும் நண்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நிய அறையின் மெத்தையில் பூச்சிமருந்தைத் தெளித்துவிட்டு அதன்மேல் முகம் புதைத்து உறங்குவதற்குப் பெயர் முன்னெச்சரிக்கை இல்லை.

*

அப்படியானால் பயணி என்ன செய்வது? இணையமெங்கும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துப் போட்ட குறிப்புப் பட்டியல்கள் கிடைக்கின்றன. அவற்றில் பல நம் கட்டிலைப் பார்த்திராதவை. அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் குளியல்தொட்டியில் வை என்கிறது ஒன்று. கும்பகோணத்து லாட்ஜில் குளியல்தொட்டிக்கு எங்கே போவது? கட்டில் கால்களுக்கு வழவழப்பான கிண்ணம் வை, பூச்சி வழுக்கி விழும் என்கிறது மற்றொன்று. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவலாக உள்ள இனத்துக்கு இது ஓரளவு பொருந்தும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் மிகுதியாக உள்ளது அதன் உறவினமான சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். அது வழவழப்பான சுவரில் மற்றதைவிட நன்றாக ஏறும் என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பூச்சியையே பார்க்காமல் பூச்சி பற்றிய அறிவை இறக்குமதி செய்தால் இப்படித்தான் ஆகும்.

பயனுள்ளது அதிகமில்லை, ஆனால் போதுமானது. முதலாவது, பார்ப்பது. பெட்டியைக் கட்டில்மேல் வைக்கும் முன் விரிப்பை நான்கு மூலையிலும் தூக்கி, மெத்தையின் தையலோரங்களையும் கட்டிலின் தலைமாட்டுப் பலகையின் பின்புறத்தையும் டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முதிர்ந்த பூச்சி ஐந்திலிருந்து ஏழு மில்லிமீட்டர் இருக்கும், பருப்பைப்போல் தட்டை, துருவின் நிறம். பூச்சியைக் காண்பது அரிது, அதன் தடயம்தான் கண்ணில் படும்: பேனா மை தொட்டு வைத்ததுபோல் கரும்புள்ளிகள், உரித்துப்போட்ட மெல்லிய தோல்கள், மில்லிமீட்டர் அளவேயான வெண்ணிற முட்டைகள். ஐந்து நிமிட வேலை. ரயில் பெர்த்தின் இணைப்புகளுக்கும் பேருந்தின் படுக்கை இருக்கைக்கும் இதே பார்வை பொருந்தும்.

இரண்டாவது, பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பது. கட்டில்மேலோ கட்டிலுக்கு அடியிலோ வைப்பதைவிட, சுவரை ஒட்டாமல் ஓர் உலோகத் தாங்கியிலோ குளியலறைத் தரையின் உலர்ந்த மூலையிலோ வாய் மூடி வைப்பது நல்லது. மூன்றாவது, அழுக்குத் துணி. ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனையில், உடுத்திக் களைந்த துணிகள் வைத்த பைகளுக்குத் துவைத்த துணிப் பைகளைவிட இரு மடங்கு வாய்ப்போடு பூச்சிகள் போய்ச் சேர்ந்தன. ஆளில்லாத நேரத்தில் ஆளின் வாசனையே அதற்கு ஆள். களைந்த சட்டையை நாற்காலியில் போட்டுவைக்கும் நம் வழக்கம், பூச்சிக்கு நாம் எடுத்துத்தரும் பயணச்சீட்டு. காற்றுப் புகாமல் கட்டிய ஞெகிழிப் பையே அதற்குச் சரியான இடம்.

நான்காவது, வீடு திரும்பியபின் வெப்பம். 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் முட்டைமுதல் முதிர்ந்த பூச்சிவரை சாகும். துவைக்க முடியாததை உறைபெட்டியில் பூச்சியம் பாகைக்குக் கீழே 18இல் நான்கு நாளாவது வைக்கலாம். கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டுக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைத்த நம் பாட்டிமார்கள் செய்ததும் வெப்பச் சிகிச்சையே. வெறும் வெயிலை மட்டும் நம்பினால் பூச்சி நிழல் பக்கத்துக்கு நகர்ந்துவிடும் என்பதால்தான் அவர்கள் கொதிநீர் ஊற்றினார்கள். அந்துருண்டை, மீயொலிக் கருவி, வாசனைத் தைலம் ஆகியவற்றுக்குச் செலவிடும் காசில் நல்ல டார்ச் ஒன்று வாங்கலாம்.

இன்னொன்றையும் மனத்தில் இருத்த வேண்டும். ‘என்னை எதுவும் கடிக்கவில்லை’ என்பது சாட்சியமாகாது. கடித்தாலும் தடிப்பே எழாதவர்கள் பலர். சிலருக்குத் தடிப்பு தோன்றச் சில நாட்கள் ஆகும். கருவுற்ற ஒரே ஒரு பெண்பூச்சி பெட்டியில் ஏறினால் போதும், ஒரு குடும்பம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். உணவின்றிப் பல மாதம் காத்திருக்கவும் அதற்குத் தெரியும்.

*

இத்தனையும் செய்து ஒரு பயணி பூச்சியைக் கண்டுபிடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு? இங்கேதான் மூன்றாவது புகை சூழ்கிறது. மௌனம்.

எங்கள் நண்பர்களில் ஒருவர் ஒரு கோயில் நகரத்து விடுதியில் நள்ளிரவில் மெத்தையோரத்தில் பூச்சிகளைக் கண்டு வரவேற்பு மேசைக்குப் போனார். ‘சார், இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. நீங்க வந்த ட்ரெயின்லேர்ந்து வந்திருக்கும்’ என்றார் அங்கிருந்தவர். பிறகு பக்கத்து அறைச் சாவியை நீட்டினார். பூச்சி கண்ட அறைக்குப் பக்கத்து அறையும் மேலறையும் கீழறையும் கூடாது என்பது பூச்சி ஒழிப்பின் பாலபாடம். காலையில் நண்பர் கிளம்பும்போது, அந்தப் பழைய அறைக்குள் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு நுழைந்துகொண்டிருந்தது. விரிப்பு மாற்றப்பட்டிருந்தது, நண்பர் எச்சரித்ததால் அந்தக் குடும்பம் அறையை மாற்றிக்கொண்டது. மேசையிலிருந்தவர் அதை வியாபாரத் துரோகமாகவே பார்த்தார்.

‘இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை’ என்ற அந்த வாக்கியத்தை எங்களால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. அது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். உண்மையிலேயே யாரும் சொல்லாமல் போயிருக்கலாம். கண்டவர்கள் வெட்கப்பட்டுப் பேசாமல் போயிருப்பார்கள், உறவினரிடம்கூட மறைத்திருப்பார்கள், வீட்டுக்குப் போய் இரகசியமாக மருந்தடித்திருப்பார்கள். சொன்னால் நம்மையே அழுக்கென்பார்களோ என்ற அந்தக் கூச்சத்தை வைத்துத்தான் விடுதி தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிறது. விடுதிக்காரரின் பயமும் புரியாததில்லை. ஒருமுறை பெயர் கெட்டால் பிழைப்பே போகும். பூச்சி வந்தது அவர் குற்றமும் ஆகாது, அது எந்த விடுதிக்கும் வரும். வந்ததை மறைத்து அடுத்த விருந்தாளியைப் படுக்கவைப்பது மட்டுமே குற்றம். இந்த வேறுபாட்டைப் பயணிகளாகிய நாம் ஒப்புக்கொள்ளாதவரை, உண்மை சொல்லும் விடுதிக்குத் தண்டனையும் மறைக்கும் விடுதிக்கு வாடகையும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு முன்மாதிரிகளும் உண்டு. நியூயார்க்கில் 2010இல் வந்த சட்டப்படி, வீட்டை வாடகைக்கு விடுபவர் கடந்த ஓராண்டில் அங்கு மூட்டைப்பூச்சி இருந்ததா என்பதைப் புதிய குடித்தனக்காரருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிரான்சில் 2018ஆம் ஆண்டுச் சட்டம், பூச்சித் தொல்லையற்ற வீட்டைத் தருவதை வீட்டுக்காரரின் கடமையாக்கியது. இவை குடித்தனக்காரருக்கானவை. ஓரிரவு தங்குபவரின் நிலை இன்னும் பலவீனமானது, ஏனெனில் அவர் காலையில் போய்விடுவார். ஆகவே நாம் கேட்பது எளிமையானது. பூச்சி கண்ட அறை, முறையாகச் சரிசெய்யப்படும்வரை மூடப்பட வேண்டும். அந்தத் தளத்தில் எந்த மருந்து, எந்த நாளில் அடிக்கப்பட்டது என்பது அங்குத் தங்குகிறவருக்குச் சொல்லப்பட வேண்டும். மருந்தடித்த அறைக்கு அடுத்த அறையில் யாரையும் உறங்க வைக்கக்கூடாது. முறையிடுபவரை ‘நீதான் கொண்டுவந்தாய்’ என்று திருப்பித் தாக்கும் வழக்கம் ஒழிய வேண்டும்.

விடுதிகளிடம் கேட்பதை நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் வீட்டில் பூச்சி இருக்கும்போது அடுத்தவர் வீட்டுக்குப் பெட்டியோடு விருந்து போகிறோமா? போவதானால் சொல்லிவிட்டுப் போகிறோமா? பூச்சி ஏறிய மெத்தையை அப்படியே தெருமுனையில் வைத்துவிட்டு, அதை எடுத்துப்போகும் ஏழையின் குடிசையைப் பார்த்துப் பிறகு மூக்கைப் பொத்துகிறோமா? அந்த மெத்தையின் உறையைக் கிழித்து, ‘மூட்டைப்பூச்சி உள்ளது’ என்று மேலே எழுதி வைக்க ஒரு நிமிடம் ஆகும்.

பயணக் கட்டுரையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோபுரத்தை எழுதுங்கள், அருங்காட்சியகத்தை எழுதுங்கள். படுத்த கட்டிலையும் எழுதுங்கள். எந்த ஊரில், என்ன கண்டீர்கள், சொன்னபோது விடுதியார் என்ன செய்தார்கள் என்று மிகையின்றி, பழியின்றி எழுதுங்கள். ஆதன்ஸின் நாடகாசிரியன் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடவுளின் வாயில் வைத்த கேள்விக்கு, இன்று அதே பாதையில் வரும் அடுத்த பயணிக்குப் பயன்படுவதுபோல் ஒருவராவது தமிழில் பதில் எழுதட்டும்.